கை பட்ட இடத்தில் ஒளி படட்டும்: கைவினைப் பொருட்களைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

நான் முதன்முதலில் படமெடுத்த கைவினைப் பொருள் ஒரு மண்பானை. இரண்டு பக்கமும் விளக்கு, பின்னால் வெள்ளைத் தாள், நிழலே விழாத சுத்தமான படம். பெருமையோடு அதை வனைந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என் பானைதானா?" என்று கேட்டார். பானையின் தோளில் அவர் விரல் ஓடிய தடங்கள் மெல்லிய வளையங்களாக இருந்தன. நான் வைத்த வெளிச்சம் அத்தனை வளையங்களையும் துடைத்துவிட்டது. படத்தில் இருந்தது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பானைபோல் இருந்தது.

அன்று புரிந்துகொண்டதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன். கையால் செய்த பொருளில் செய்தவரின் கை எங்கே பதிந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அது தெரிகிற மாதிரி வெளிச்சத்தை வையுங்கள். கேமராவும் லென்ஸும் பின்னணியும் அதற்கு அடுத்தபடிதான். ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு கைபேசி, நாலைந்து அட்டைகள் இருந்தால் இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

முதல் படி: கேமரா இல்லாமல் பத்து நிமிடம்

அறையை இருட்டாக்குங்கள். பொருளை மேசைமேல் வைத்து, கைபேசியின் டார்ச்சை அதன் பக்கவாட்டில், மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரித் தாழ்த்திப் பிடியுங்கள். அப்படியே பொருளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பகல் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் திடீரென மேடு பள்ளங்கள் எழுந்து வரும். முதல் முறை இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். எனக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

எதைத் தேட வேண்டும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சக்கரத்தில் வனைந்த பானையில் விரல் ஓடிய சுருள் வரி. அடியைத் திருப்பினால், சக்கரத்திலிருந்து நூல் போட்டு அறுத்தெடுத்த வளைகோடுகள். தட்டி உருவாக்கிய செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் சுத்தியல் அடி ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தட்டையான வட்டமாக நிற்கும். மரச் சிற்பத்தில் உளி நுழைந்த இடமும் வெளியே வந்த இடமும் வேறுவேறாக இருக்கும். முடைந்த கூடையில் அடிப்பகுதியின் நடுவைப் பாருங்கள். முடைந்தவர் வேலையைத் தொடங்கிய முடிச்சு அங்கேதான் இருக்கும். கைத்தறித் துணியில் கரையோரம் போங்கள். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஊடை நூல் எவ்வளவு இழுபட்டது என்று அங்கே தெரியும்.

முகமூடி கிடைத்தால் உட்பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். முன்பக்கம் பூச்சும் வண்ணமுமாக இருக்கும். உள்ளே மரத்தைக் குடைந்த வெட்டுகள் அப்படியே இருக்கும்; பலமுறை அணிந்த முகமூடியானால் நெற்றியும் கன்னமும் பட்ட இடம் கறுத்து வழுவழுப்பாகியிருக்கும். செய்தவரும் அணிந்தவரும் ஒரே இடத்தில் பதிந்திருப்பதை வேறெந்தப் பொருளிலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

கண்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டார்ச் எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் இருந்தபோது எந்தத் தடம் தெரிந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விளக்கு வைக்கப்போகிற இடம் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

எடுக்கலாமா என்று கேட்பது

பொருள் உங்களுடையதாக இருந்தாலும், அது வழிபாட்டோடோ சடங்கோடோ தொடர்புள்ளது என்றால் அந்தச் சமூகத்தவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சில பொருட்களை வெளியாட்கள் பார்ப்பதே கூடாது. சிலவற்றை ஒரு பக்கத்திலிருந்து காட்டலாம், மறுபக்கத்தைக் காட்டக்கூடாது. அமெரிக்காவின் ஜூனி என்னும் பழங்குடி மக்களுடைய போர்த்தெய்வ மர உருவங்கள் திறந்த வெளியில் இருந்து தானாக மக்கிப்போக வேண்டியவை. அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாத்துவந்தன. 1978இல் தொடங்கி ஜூனி மக்கள் அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். பாதுகாப்பதும் பதிவு செய்வதும் எல்லோருக்கும் நல்லதாகத்தான் படும் என்று நாமாக முடிவுசெய்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2007இல் வெளியிட்ட அறிவிப்பின் 31ஆம் பிரிவும், தங்கள் பண்பாட்டு மரபையும் அதன் வெளிப்பாடுகளையும் காத்து நடத்தும் உரிமை அந்தந்த மக்களுக்கே உண்டு என்கிறது.

சந்தைக்காகவே செய்த பொருளுக்கு இவ்வளவு தயக்கம் வேண்டாம். ஆனால் செய்தவர் உயிரோடு இருக்கிறார், அவரை அணுக முடியும் என்றால், படம் எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வடிவத்தை யாராவது நகலெடுத்துவிடுவார்களோ என்ற கவலை பலருக்கு உண்டு. அது நியாயமான கவலை.

தொடுவதும் துடைப்பதும்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் வேண்டாம்; குனியும்போது அதுதான் பொருளில் இடிக்கும். உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை அவசியம். வியர்வையிலுள்ள உப்பு, மெருகிட்ட உலோகத்தில் விரல் ரேகையாக அரித்து நின்றுவிடும். மெருகுப் பூச்சிட்ட பீங்கானுக்குப் பருத்திக் கையுறை போடாதீர்கள், வழுக்கும். சுத்தமாகக் கழுவி உலர்த்திய கையே போதும். எதையும் காதைப் பிடித்தோ கைப்பிடியைப் பிடித்தோ தூக்க வேண்டாம். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில்.

தூசியை ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். போகாவிட்டால் மென்மையான தூரிகை. அதற்குமேல் எதுவும் செய்யாதீர்கள். படத்தில் பளிச்சென்று வர வேண்டும் என்பதற்காக எண்ணெய் தடவுவது, தண்ணீர் தெளிப்பது, பித்தளையைத் தேய்த்து மினுக்குவது ஆகிய மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். வெண்கலத்தின் மேல் படிந்த பழுப்பும் பச்சையும் வர நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். தேய்த்தால் அரை மணி நேரத்தில் போய்விடும்.

சாயமிட்ட துணிகளும் இயற்கை வண்ணம் பூசியவையும் வெளிச்சத்தில் வெளுக்கும். அந்தச் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அருங்காட்சியகங்கள் பழைய துணிகளைக் காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸ் என்கிற மங்கல் வெளிச்சத்தைத்தான் அனுமதிக்கின்றன. நமக்குப் படமெடுக்க அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே விளக்கையும் கோணத்தையும் சரிபார்க்கிற நேரமெல்லாம் அதே அளவுள்ள சாதாரணப் பொருள் ஒன்றை வைத்துப் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு உண்மைப் பொருளைக் கொண்டுவந்து வைத்து, எடுத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். ஹாலோஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். அதன் சூடு மரத்தையும் அரக்கையும் பதம் பார்த்துவிடும்.

இடமும் பின்னணியும்

நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்று போதும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். பிறகு கணினியில் எவ்வளவு போராடினாலும் சரியாகாது.

பின்னணிக்குத் துணியைவிடத் தாள் நல்லது. துணியில் மடிப்பு விழும். மடிப்பு கண்ணை இழுக்கும். பெரிய சார்ட் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மேசைமேல் வளைவாக இறங்கவிடுங்கள். மூலையில் கோடு தெரியக்கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை என் தேர்வு எப்போதும் நடுத்தரச் சாம்பல். வெள்ளைப் பின்னணியின் வெளிச்சம் பொருளின் விளிம்பைச் சுற்றி வந்து அதை அரித்துவிடுகிறது. முழுக் கறுப்பில் கருமையான மரம் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. விற்பனைப் பட்டியலுக்கு வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள், ஆனால் உங்களுக்காகச் சாம்பலில் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் நிழல் பின்னணியில் விழாமல் தப்பும்.

கேமரா: சுருக்கமாக

கேமராவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இவ்வளவு போதும்.

கைபேசி என்றால் அகலக்கோண லென்ஸை விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸுக்கு மாற்றித் தள்ளி நில்லுங்கள். கிட்டப்போய் அகலக்கோணத்தில் எடுத்தால் பானையின் வயிறு ஊதி அடி சிறுத்துப்போகும். செய்தவர் அந்த விகிதத்துக்காக எத்தனை ஆண்டு கையைப் பழக்கியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்னத் தவறாகத் தோன்றாது. முழுச்சட்ட (பெரிய சென்சார்) கேமராவில் 85 முதல் 100 மில்லிமீட்டர் லென்ஸ், சிறிய சென்சார் கேமராவில் 50 அல்லது 60. ஓரடி உயரப் பொருளுக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி.

டிரைபாட் கட்டாயம். கேமரா அசையாமல் நின்றுவிட்டால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை, 100இலேயே வைத்துக்கொள்ளலாம். அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8 முதல் 11 வரை. 16க்கு மேல் போனால் எல்லாம் ஃபோகஸில் இருப்பதுபோல் தெரிந்தாலும் ஒளி சிதறி மொத்தப் படமும் லேசாக மங்கும். விரல் பட்டு ஆடாமல் இருக்க 2 விநாடி டைமர். ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக, எடுங்கள். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருங்காலி மரத்தை அப்படியே விட்டால் வெளுத்துச் சாம்பலாகும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். வெள்ளைத் துணி அழுக்காகத் தெரியும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஃபோகஸை உங்கள் குறிப்பில் எழுதிய கைத்தடத்தின் மேல் வையுங்கள். பொருளின் முன்விளிம்புக்கு ஃபோகஸை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

கேமராவின் உயரத்துக்கு ஒரு பழைய யோசனை உதவும். சுவிட்சர்லாந்தின் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின், சிற்பங்களை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று 1896இல் எழுதத் தொடங்கினார். சிற்பி எந்த இடத்திலிருந்து பார்க்கச் செய்தாரோ அந்த இடத்தில் கேமரா நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். கைவினைப் பொருளுக்கு இதைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: பொருள் பயன்படும்போது கண் எங்கே இருக்குமோ, அங்கே. முகமூடி என்றால் எதிரே நிற்பவரின் கண்மட்டம். கிண்ணம் என்றால் அதைக் கையில் ஏந்தியவர் சற்றே குனிந்து பார்க்கிற கோணம். பானையின் வடிவக்கோடு மட்டும் வேண்டும் என்றால் அதன் இடுப்பு மட்டத்துக்கு இறங்குங்கள். வாயின் வட்டமும் தெரிய வேண்டும் என்றால் 15 டிகிரி அளவுக்கு மேலே ஏறுங்கள்.

வெளிச்சம்: பொருளுக்கு ஏற்றபடி

இரண்டு விதிகள் தெரிந்தால் மீதி தானாக வரும். வெளிச்சம் வருகிற பரப்பு பொருளைவிடப் பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாகும், சிறிதாக இருந்தால் கூர்மையாகும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியோ பட்டர் பேப்பரோ ஒட்டினால் ஜன்னல் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடும். இரண்டாவது, சிறிய விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். விளக்கு கிட்டே இருந்தால் பொருளின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வெளிச்ச வேறுபாடு அதிகம். தள்ளி வைத்தால் குறைவு.

*மண்ணும் மெருகிடாத பரப்பும்.* தொடங்குவதற்கு ஏற்றது இதுதான். ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளினால் ஆழமாகும். விரல் வரிகள் மறையத் தொடங்குகிற புள்ளி ஒன்று வரும். அதற்குச் சற்று முன்னால் அட்டையை நிறுத்துங்கள். வெளிச்சம் பானையின் முகத்தை உரசிக்கொண்டு போக, பானையை ஜன்னலின் பின்விளிம்புப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு அங்குலம் நகர்ந்தாலே வேறு பானையாகிவிடும்.

*மரம்.* செதுக்கிய கோடுகளுக்குக் குறுக்காக வெளிச்சம் வர வேண்டும். கோடு நெடுக ஓடினால் வெளிச்சம் பக்கத்திலிருந்து. கிடையாக ஓடினால் மேலிருந்து. கோட்டின் திசையிலேயே வெளிச்சம் வந்தால் செதுக்கலே தெரியாது. முக உருவங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் போடாதீர்கள். செய்தவர் நினைக்காத ஒரு பயங்கரம் முகத்தில் ஏறிவிடும்.

*உலோகம்.* இங்கேதான் பெரும்பாலோர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மெருகான உலோகத்தில் நாம் பார்ப்பது எல்லாம் அதில் தெரிகிற அறை. ஜன்னல், கூரை, கேமரா, உங்கள் சட்டை எல்லாம் அந்தக் குடத்தின் வயிற்றில் இருக்கும். ஆகவே உலோகத்துக்கு வெளிச்சம் போடுவதை மறந்துவிட்டு, அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசியுங்கள். லென்ஸ் இருக்கிற இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். குடத்தின் இடப்பக்கத்தில் சுவர் தெரிகிறதா? அங்கே ஒரு பெரிய வெள்ளை அட்டையை நிறுத்துங்கள், அந்தப் பக்கம் முழுக்க வழவழவென்று ஒளிரும். விளிம்பு பின்னணியோடு கரைகிறதா? அந்த விளிம்பு பார்க்கிற இடத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை நிறுத்துங்கள், கோடு போட்டதுபோல் விளிம்பு நிற்கும்.

நாலாபக்கமும் வெள்ளைத் துணிக் கூண்டு அமைத்தால் எல்லாப் பிரதிபலிப்பும் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். போகும், கூடவே உலோகமும் போய்விடும். அலுமினியப் பூச்சடித்த பொம்மைபோல் ஆகும். உலோகம் உலோகமாகத் தெரிய வெள்ளையும் கறுப்பும் அருகருகே வேண்டும். சுத்தியல் அடித் தடங்களைக் கவனித்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். முழு வெள்ளை தெரிகிற இடத்தில் தடம் தெரியாது, முழுக் கறுப்பிலும் தெரியாது. வெள்ளை அட்டையின் ஓரம் பிரதிபலிக்கிற அந்த எல்லைக்கோட்டில்தான் ஒவ்வொரு அடியும் கோட்டை நெளித்துக் காட்டும். அதனால் எல்லையைத் தடங்கள் மிகுந்த இடத்துக்கு நகர்த்துங்கள். அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் பாத்திரம் முழுக்கச் சுத்தியல் விழுந்த வரிசை எழுந்து நிற்கும். அந்தக் கணத்துக்காக நான் ஒரு முழு மதியம் காத்திருந்ததுண்டு.

ஒரு எச்சரிக்கை. போலரைசர் ஃபில்டர் உலோகத்தின் மினுக்கத்தை நீக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். மெருகிட்ட பீங்கான், வார்னிஷ், அரக்கு, கண்ணாடி இவற்றின் மினுக்கத்தைத்தான் அது குறைக்கும், அதுவும் பரப்பிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரிக் கோணத்தில் பார்க்கும்போது நன்றாக வேலை செய்யும். உலோகத்தில் சாதாரண வெளிச்சத்தின் பிரதிபலிப்பை அது ஒன்றும் செய்யாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றின் வாய்க்குள் வைத்துப் படமெடுத்தார். புனலின் வளைந்த உட்பக்கம் ஒளியைச் சுற்றிலுமிருந்து திருப்பி அனுப்பியது. அறையில் கிடக்கிற எந்தப் பொருளும் விளக்காகலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பழைய தகர டப்பாவின் மூடி, பேக்கிங் அட்டை, கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*மெருகுப் பூச்சிட்ட பீங்கானும் அரக்கும்.* பிரதிபலிப்பு முழுக்கப் போக வேண்டாம். ஒன்றே ஒன்றை, நல்ல வடிவமுள்ளதாக, பொருளின் வளைவைச் சொல்கிற இடத்தில் விட்டுவையுங்கள். மற்றவற்றைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள்.

*துணி.* நெசவு தெரிய, துணியின் தளத்திலிருந்து 10, 20 டிகிரி மட்டுமே உயர்ந்த தாழ்ந்த வெளிச்சம். தேய்த்து விரித்துத் தட்டையாக எடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு மூலையை மடித்துப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். பூவேலையில் நூல் எங்கிருந்து எங்கே தாவியது என்று பின்பக்கம்தான் சொல்லும். நெருங்கிய நெசவில் சில சமயம் படத்தில் வானவில்போல் அலைக்கோடுகள் தோன்றும். நூல் வரிசையும் சென்சார் வரிசையும் மோதுவதால் வருவது அது. கேமராவை அரையடி முன்பின் நகர்த்தினால் பெரும்பாலும் போய்விடும்.

*கூடை, பாய், முடைந்தவை எல்லாம்.* வெளிச்சத்தைப் பின்னாலிருந்து விடுங்கள். முடைந்த இடைவெளிகள் ஒளிரும், மேசையில் விழுகிற நிழலே ஒரு கோலமாகும். உள்பக்கம் இருட்டாக இருந்தால் அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போடுங்கள். உள்ளே பல்பு வைக்காதீர்கள், காய்ந்த நாரும் சூடும் சேரக்கூடாது.

நிழல் வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1935இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சிப் பொருட்களை 477 படங்களாக எடுத்தார். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போதே விளக்கைக் கையில் எடுத்துப் பொருளைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருந்தார். எந்த நிழலும் ஓரிடத்தில் தங்காமல் வெளிச்சம் சீராகப் பரவியது. முகமூடியின் ஒவ்வொரு பகுதியும் ஆய்வாளருக்குத் தெரிய வேண்டும், நிழல் எதையும் மறைக்கக்கூடாது என்கிற நோக்கத்துக்கு அது அருமையான வழி. நீங்களும் செய்து பார்க்கலாம்: இருட்டறை, 10 விநாடி ஷட்டர், கையில் ஒரு சிறு விளக்கு. பொருளை விட்டு விலகாமல், ஓரிடத்தில் நிற்காமல், தூரிகையால் வண்ணம் பூசுவதுபோல் வெளிச்சத்தைப் பூசுங்கள். இரண்டு முறை ஒரே மாதிரி வராது, பத்துப் படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் நான் நிழலோடுதான் எடுப்பேன். கைத்தடத்தை எழுப்பிக் காட்டுவது நிழல்தான். இரண்டையும் எடுக்க முடிந்தால் இரண்டும் வேண்டும்: ஆவணத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

அடுக்குவது

தொடங்குவோர் பொருளைச் சுற்றிக் காய்ந்த பூ, பழைய புத்தகம், சாக்குத் துணி என்று அலங்கரிக்க ஆசைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைவினைப் பொருளுக்கே ஒரு அலங்காரம் இருக்கிறது; அதன் மேல் இன்னொன்று ஏறினால் இரண்டும் சண்டையிடும். எதையாவது பக்கத்தில் வைத்தே தீர வேண்டும் என்றால் அதைச் செய்த கருவியை வையுங்கள். உளி, தறி நாடா, மட்டப்பலகை, பாதி முடைந்த நார். அதே எவன்ஸ் 1955இல் ஃபார்ச்சூன் இதழுக்காகச் சாதாரணக் கைக்கருவிகளை, வெறும் பின்னணியில், ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். ஒரு சாதாரணக் குறடு அவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து எடுக்கும்போது ஒன்றன் விளிம்பு இன்னொன்றைத் தொட்டும் தொடாமலும் இருக்க விடாதீர்கள். நன்றாக மறைக்கட்டும், அல்லது நன்றாக விலகட்டும். தானாக நிற்காத பொருளுக்கு அடியில் சிறு மணல் பை கொடுங்கள். பழைய பொருளில் பசையோ ஒட்டும் களிமண்ணோ படவே கூடாது.

ஒரு பொருளுக்கு நான் எடுக்கிற வரிசை இது: முன்பக்கம், முக்கால் திருப்பம், பின்பக்கம், அடி, உள்ளே, கைத்தடத்தின் நெருக்கப் படம், சேதம் இருந்தால் அதன் படம், கடைசியாக அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒன்று. அளவுகோல் இல்லாத படத்தில் சிமிழும் ஜாடியும் ஒன்றுபோல் தெரியும்.

நிறமும் திருத்தமும்

முதல் படத்தில் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வையுங்கள். 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிற அட்டை என்று கேட்டால் கிடைக்கும். திருத்தும்போது அந்த அட்டையைத் தொட்டு ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அளவை) எடுத்து, மீதிப் படங்களுக்கும் அதையே கொடுத்துவிடுங்கள். எல்இடி விளக்கு வாங்குவதாக இருந்தால் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்கிற நிறத்திறன் குறியீடு (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ளதைப் பாருங்கள். மட்டமான எல்இடியில் சிவப்புகள் உயிரில்லாமல் போகும். சாயமிட்ட துணியை மட்டும், திருத்தி முடித்தபின் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுவிடுங்கள்.

டார்க்டேபிள், லைட்ரூம், ஸ்னாப்சீட், எதில் வேண்டுமானாலும் திருத்தலாம். சென்சார் தூசி, பின்னணிக் கறை, மேசையின் கீறல் இவற்றை நீக்குங்கள். பொருளில் இருக்கிற விரிசல், சூளையில் கறுத்த இடம், சற்றுச் சாய்ந்த கழுத்து இவற்றில் கைவைக்காதீர்கள். "டெக்ஸ்சர்", "கிளாரிட்டி" என்கிற பொத்தான்களை அதிகம் இழுத்தாலும் பொய்தான். இல்லாத சொரசொரப்பு வந்துவிடும். கைத்தடம் படத்தில் தெரியவில்லையா? மேசைக்குத் திரும்பிப்போய் வெளிச்சத்தை மாற்றி மறுபடி எடுங்கள்.

வெளியிட நீளப்பக்கம் 2000 பிக்சல் அளவில், எஸ்ஆர்ஜிபி என்கிற, திரைகளுக்கான பொது நிற அமைப்பில் ஜேபெக். பாதுகாக்க ரா கோப்பும், திருத்திய டிஃப் கோப்பும், இரண்டு வெவ்வேறு இடங்களில்.

படத்தோடு போக வேண்டிய சொற்கள்

கோப்பின் உள்ளேயே எழுதிவைக்க ஐபிடிசி என்கிற குறிப்பு வசதி இருக்கிறது. செய்தவர் பெயர், அவர் பெயர் போட ஒப்புக்கொண்டால், ஊர், பொருளுக்கு அவர்கள் வாயில் வழங்குகிற பெயர், அவர்கள் மொழியிலேயே, எதனால் செய்தது, உயரம், அகலம், எடை, செய்த ஆண்டு தெரிந்தால் அது, படமெடுத்த தேதி. பழைய அருங்காட்சியகப் படங்களில் சேகரித்தவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் இருக்கும், செய்தவர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இன்றைக்குச் செய்தவரை நேரில் கேட்க முடிகிற நமக்கு அந்த இடத்தை வெறுமையாக விட எந்தக் காரணமும் இல்லை.

முழு அளவுக் கோப்புகளை அவரிடமும் கொடுங்கள். எந்தப் படத்தை அவர் தேர்ந்தெடுக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். நான் கொடுத்த எட்டுப் படங்களில் அந்தப் பானைக்காரர் எடுத்துக்கொண்டது அடிப்பக்கத்தை. நூல் போட்டு அறுத்த வளைகோடுகளைக் காட்டி, "இங்கே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், பார்த்தீர்களா?" என்றார்.